பெல்ட் சாண்டரில் கத்தி தீட்ட…

சிலாபத்தில் வாங்கிய மீனை முன்னேஸ்வரத்து வீட்டில் வெட்டும்போது மழுங்கிய கத்தி வழுக்கினால் ஆபத்து விரலுக்குத்தான். மரவேலைக்கு வாங்கிய மலிவான பெல்ட் சாண்டர் இருந்தால் அதிலேயே தீட்டலாம். மெஷினை மேசையில் அசையாமல் இறுக்குங்கள். தூள் பையைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கிடக்கும் மரத்தூளில் பொறி விழுந்தால் தீப்பிடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

விளிம்பு உடைந்த கத்திக்கு மட்டுமே 120 கிரிட் பெல்ட். வெறுமனே மழுங்கியதற்கு 400 போதும். பெல்ட் கத்தியின் முதுகுப்பக்கமிருந்து கூர்விளிம்பை நோக்கி ஓடவேண்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் கத்தி பெல்ட்டைக் கிழித்துக்கொண்டு பாயும். சாய்வு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை. சரியா என்று பார்க்க விளிம்பில் மார்க்கர் மை பூசி, மெஷினை ஓடவிடாமல் ஒரு தடவை உரசுங்கள்: மை எங்கே அழிகிறதோ அங்கேதான் படுகிறது.

சூடுதான் பெரிய வில்லன். விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது. பதம் போன இரும்பில் கூர் நிற்காது. அழுத்தாமல் ஒரே இழுப்பு, உடனே தண்ணீரில் முக்கி, துடைத்துவிட்டு அடுத்த இழுப்பு. முனை பெல்ட்டின் நடுவுக்கு வந்ததும் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உருண்டுவிடும். மறுபக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டதும் பக்கத்தை மாற்றுங்கள். கடைசிப் பிசிறைப் பழைய தோல் பெல்ட்டில் இழுத்து எடுக்கலாம்.

கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காதிருக்கத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. திருவலைப் பல்லை மட்டும் இதில் வைக்காதீர்கள், அதற்கு அரம்தான்.