மரவள்ளி மாவு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மரவள்ளிக் கிழங்கில் இவ்வளவு மாவு எப்படிச் சேர்கிறது? மண்ணிலிருந்தா? (வாசகர், ராசிபுரம்)

பதில்: இல்லை. காற்றும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து தருவது அது. உங்கள் பக்கத்து சேகோ ஆலைகளில் ஜவ்வரிசியாகும் மாவு முழுவதும் முதலில் இலையில் சர்க்கரையாக இருந்ததுதான்.

இலைச் செல்லில் பசுங்கணிகம் உண்டு. அதற்குள் அடுக்கடுக்காக இருக்கும் தைலகாய்டு சவ்வில் பச்சையம் ஒளியை வாங்குகிறது. தண்ணீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. அந்த ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள், தண்ணீரிலிருந்தே வருகிறது. ஒளியின் ஆற்றல் ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறுகளில் தங்குகிறது.

அடுத்த கட்டம், சவ்வைச் சூழ்ந்த ஸ்ட்ரோமாவில். ரூபிஸ்கோ என்ற நொதி கரியமில வாயுவைப் பிடித்துக்கொடுக்க, சேர்த்த ஆற்றலைச் செலவழித்துச் சர்க்கரை உருவாகிறது. இதற்கு ஒளி நேரடியாகத் தேவையில்லை. ஆனாலும் பகலில்தான் நடக்கும். சர்க்கரை உருவாகும் இந்த வேதிவினைச் சுழற்சியை விளக்கிய மெல்வின் கால்வின் 1961-இல் நோபல் பரிசு பெற்றார். எனக்கு இது வேதியியலின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

சர்க்கரை சுக்ரோஸாக வேருக்கு இறங்கி, அங்கே மாவாகச் சேமிக்கப்படுகிறது. ஆகவே மாவுப்பூச்சி தாக்கி இலை சுருண்டால் கிழங்கும் சிறுக்கும். நுனிக்குருத்து சுருளக் கண்டால் தாமதிக்காமல் வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.