முதிர்ந்த ஒயினை ஒப்பிட்டுச் சுவைக்க: பொர்தோவின் சிவப்பும் இனிப்பும்

பழைய ஒயின் என்றாலே உயர்ந்த ஒயின் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. கடையில் கிடைக்கும் ஒயின்களில் பெரும்பாலானவை வாங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டியவை. அதற்குமேல் வைத்திருந்தால் பழவாசம் போய்ச் சப்பென்று ஆகிவிடும். இருபது, முப்பது ஆண்டுகள் தாங்கி, பக்குவப்பட்டு, வேறொரு சுவையாகவே மாறுபவை மிகச் சில. அவற்றையும் ஆளுக்கொரு விருந்தில், நாளுக்கொன்றாகக் குடித்தால் "நன்றாக இருந்தது" என்ற நினைவுதான் மிஞ்சும். ஒரே நாளில், ஒரே மேசையில், அருகருகே வைத்துச் சுவைக்கும்போதுதான் காலம் எதை எடுத்துக்கொண்டது, எதைக் கொடுத்தது என்பது நாக்குக்கு விளங்கும்.

இதைக் கற்றுக்கொள்ள பிரான்சின் பொர்தோவைவிட நல்ல இடம் இல்லை என்பேன். நீண்ட ஆயுள் கொண்ட சிவப்பு ஒயின், இனிப்பு ஒயின் இரண்டும் அங்கே ஒரே வட்டாரத்தில் விளைகின்றன. ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் இருக்கும் மெடோக்கில் கேபர்னே சோவின்யோன் திராட்சையை முதன்மையாகக் கொண்ட சிவப்பு. தெற்கே கரோன் ஆற்றை ஒட்டிய சோத்தெர்ன், பர்சாக் பகுதியில் பெரும்பாலும் செமியோன் திராட்சையில் செய்யும் இனிப்பு. 1855 பாரிஸ் கண்காட்சிக்காகத் தரவரிசை வகுத்தபோதும் சிவப்புக்கு ஒரு பட்டியல், இனிப்புக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகவே வகுத்தார்கள். நாமும் அப்படியே செய்வது நல்லது. சிவப்பைச் சிவப்போடும் இனிப்பை இனிப்போடும் ஒப்பிட வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடக் கூடாது.

எந்த ஆண்டு, எந்தப் பாட்டில்

சிவப்புக்கு நல்ல ஆண்டு இனிப்புக்கும் நல்ல ஆண்டாக இருக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய. சிவப்புத் திராட்சையைச் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ பறித்து முடித்துவிடுவார்கள். சோத்தெர்னில் அக்டோபர் முழுக்க, சில ஆண்டுகளில் நவம்பர் வரைகூடக் காத்திருப்பார்கள். சிரோன் என்னும் குளிர்ந்த சிற்றாறு சற்று வெதுவெதுப்பான கரோனில் வந்து கலப்பதால் இலையுதிர்காலக் காலைகளில் அங்கே மூடுபனி எழும். அந்த ஈரத்தில் போட்ரைடிஸ் என்ற பூஞ்சை திராட்சைத் தோலில் பிடிக்கும். மதிய வெயில் பழத்தை அழுகவிடாமல் உலர்த்தும். பூஞ்சை துளைத்த தோல் வழியே நீர் ஆவியாகிப்போக, உள்ளே சர்க்கரையும் புளிப்பும் செறியும். எல்லாப் பழத்திலும் ஒரே நாளில் இது நடக்காது. அதனால் ஆட்கள் ஒரே கொடிக்குத் திரும்பத் திரும்ப வந்து, பக்குவமான பழத்தை மட்டும் கிள்ளிப்போவார்கள். இந்த வாரங்களில் மழை பிடித்துக்கொண்டால் உழைப்பெல்லாம் வீண்.

2000ஆம் ஆண்டில் நடந்தது அதுதான். சிவப்புக்கு அது மிகச் சிறந்த ஆண்டு. ஆனால் அக்டோபர் மழை சோத்தெர்னைக் கெடுத்தது. அடுத்த ஆண்டே சோத்தெர்னுக்குப் பொற்காலம். 1967இல் சிவப்பு சுமார்தான், இனிப்பு அபாரம். இனிப்பு ஒயின் பட்டியலில் தனி உச்சத்தில் வைக்கப்பட்ட ஷாட்டோ தீக்கெம், பழம் சரியில்லை என்று 1992, 2012 ஆகிய ஆண்டுகளில் தன் பெயரில் இனிப்பு ஒயினை வெளியிடவே இல்லை. 1989, 1990 இரண்டும் இரு வகைக்கும் கைகொடுத்த அபூர்வ ஆண்டுகள்.

முதல் முறைக்கு ஆறு பாட்டில்கள் போதும். சிவப்பில் மூன்று: ஒரே ஆண்டு, வெவ்வேறு பண்ணைகள். என் பரிந்துரை மெடோக்கில் உள்ள சான் ஜூலியன் ஊரின் 2000. லெயோவில் லாஸ் காஸ், லெயோவில் புவாஃபெரே, லெயோவில் பார்டன் மூன்றும் ஒரு காலத்தில் ஒரே பெரும் பண்ணையாக இருந்து பிரிந்தவை. மண் ஏறக்குறைய ஒன்று, மழையும் வெயிலும் ஒன்று. அப்படியும் சுவை வேறுபடுவதைப் பார்க்கும்போது செய்பவரின் கை என்பது என்னவென்று தெரியும். இனிப்பில் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: ஒரே பண்ணை, வெவ்வேறு ஆண்டுகள். ஷாட்டோ ரியுசெக்கின் 1988, 1989, 1990 நல்ல வரிசை. அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளும் சோத்தெர்னுக்கு வாய்த்தவை. 1988இல் புளிப்பு முன்நிற்கும், 1990இல் கனமும் செழுமையும் மேலோங்கும். விலை கூடுதல்தான். பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்குத் தாங்கும். 750 மி.லி. பாட்டிலில் ஒருவருக்கு 50 மி.லி. ஊற்றினாலும் வண்டலுக்கு ஒதுக்கியது போக மறுசுற்றுக்கும் மிஞ்சும்.

375 மி.லி. அரை பாட்டிலையும் முழு பாட்டிலையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். சின்னப் பாட்டிலில் ஒயின் சீக்கிரம் முதிரும்.

வாங்கும்போது பாட்டிலை நிமிர்த்தி, உள்ளே ஒயின் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். கழுத்துக்குள்ளோ கழுத்தின் அடியிலோ நின்றால் நிம்மதி. தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால் கார்க் வழியே காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். இதுவரை எங்கே, எந்தக் குளிரில் இருந்தது என்று விற்பவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். முப்பது ஆண்டுகளில் ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டு பாட்டில்கள்கூட இரண்டு விதமாக முதிரும். 12, 13 டிகிரி செல்சியஸில் நிலவறையில் கிடந்ததும் சூடான கிடங்கில் கிடந்ததும் ஒன்றல்ல.

முந்தைய நாள்

சிவப்புப் பாட்டில்களை ஒரு நாள் முன்னதாகவே, முடிந்தால் இரண்டு மூன்று நாள் முன்னதாக, நேராக நிறுத்திவிடுங்கள். படுத்திருந்த பாட்டிலின் பக்கவாட்டில் படிந்த வண்டல் அடிக்கு இறங்க நேரம் வேண்டும். துவர்ப்பு தரும் டானினும் நிறமிகளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து விழுவதுதான் இந்த வண்டல். அது நஞ்சல்ல, ஆனால் வாயில் நறநறக்கும், கசக்கும்.

சிவப்பை 16 முதல் 18 டிகிரியிலும், முதிர்ந்த இனிப்பை 12 டிகிரி அளவிலும் ஊற்றுங்கள். "அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்று புத்தகங்கள் சொல்வது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறையை மனத்தில் வைத்து. சென்னை அறையின் 30 டிகிரியில் எந்தச் சிவப்பு ஒயினும் சாராய நெடிதான் வீசும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

கண்ணாடிக் குவளைகள் எல்லாம் ஒரே வடிவமாக இருக்கட்டும். அடி அகன்று வாய் குறுகியவை நல்லது. அன்றைக்கு மேசையில் வாசனைப் பூ வேண்டாம், ஊதுபத்தி வேண்டாம், வருகிறவர்கள் மேலே சென்ட் வேண்டாம். வெறும் ரொட்டியும் தண்ணீரும் துப்புவதற்கு ஆளுக்கொரு கோப்பையும் போதும். ஆறு ஒயின் என்றால் ஆளுக்கு 300 மி.லி. வருகிறது, விழுங்கிக்கொண்டே போனால் நான்காவது குவளைக்குள் மூக்கு மங்கிவிடும். துப்புவது அநாகரிகமல்ல, இந்த வேலையில் அதுதான் முறை.

திறப்பதும் வடிப்பதும்

பழைய கார்க் ஊறிப்போய் இருக்கும். திருகாணித் திறப்பானைப் போட்டு இழுத்தால் நடுவில் பொடிந்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பான் கிடைக்கிறது. நீளமான தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே நுழைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி அசைத்து உள்ளே இறக்கி, மெதுவாகத் திருகிக்கொண்டே மேலே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கார்க் உள்ளே விழும்.

அடுத்து வடிப்பது. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தியோ கைப்பேசி விளக்கோ எரியட்டும். டிகாண்டர் என்னும் கண்ணாடிக் குடுவையை ஒரு கையில் சாய்த்துப் பிடித்து, மறு கையால் பாட்டிலை நிறுத்தாமல், ஒரே ஓட்டமாகச் சரியுங்கள். முதலில் விளக்கின் வெளிச்சம் கழுத்துக்குள் தெளிந்த மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். பாட்டில் காலியாகும் தறுவாயில் புகைக்கீற்று மாதிரி ஒரு மங்கல் தோளிலிருந்து நகர்ந்து வரும். அது கழுத்தை எட்டும் நொடியில் நிறுத்திவிட வேண்டும். இடையில் ஒருமுறை பாட்டிலை நிமிர்த்தினாலும் வண்டல் முழுதும் கலங்கிவிடும். முதிர்ந்த ஒயினை மணிக்கணக்கில் டிகாண்டரில் விட்டுவைக்காதீர்கள். இளம் ஒயினுக்குக் காற்று நல்லது. பழைய ஒயினின் மென்மணம் காற்றில் கரைந்து போகும். வடித்ததும் ஊற்றிவிடுவதுதான் பத்திரம்.

ஊற்றும் ஒருவர் சுவைக்காமல் இருந்து, பாட்டில்களுக்கு உறையிட்டு எண் கொடுக்கட்டும். பெயர் தெரிந்தால் நாக்கு பெயருக்குத்தான் மரியாதை செய்யும். கண்ணுக்கே எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு 2001இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். பொர்தோவில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள்.

முதலில் சிவப்பு

இனிப்பை முதலில் குடித்தால் அதன்பின் எந்தச் சிவப்பும் வெறும் புளிப்பாகவும் துவர்ப்பாகவும் படும். ஆகவே சிவப்புதான் முதலில். குவளையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். இளமையில் ஊதா படர்ந்திருந்த விளிம்பு முதிர முதிரச் செங்கல் நிறத்துக்குப் போகும். முழுதும் பழுப்பாகிவிட்டால் உயிர் போய்விட்டது என்று பொருள்.

முகரும்போது முதலில் குறை தேடுங்கள். நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம் வந்தால் அது டி.சி.ஏ. என்ற சேர்மம் கார்க்கிலிருந்து இறங்கியதால். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அந்தப் பாட்டிலை ஒப்பீட்டிலிருந்து விலக்குங்கள், பண்ணையைக் குறைசொல்ல வேண்டாம். குறை இல்லையென்றால் நிதானமாக முகருங்கள். நல்ல மெடோக்கில் தேவதாரு மரம், புகையிலை, தோல், காளான், மழைக்குப் பிந்தைய காட்டுத்தரை எல்லாம் வரும். அவற்றுக்கு அடியில் பழம் இன்னும் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முதுமையின் மணம் மட்டும் இருந்து பழம் இல்லாமல் போயிருந்தால் அந்த ஒயின் தன் காலத்தைத் தாண்டிவிட்டது.

வாயில் எடுத்து, டானின் ஈறுகளில் எப்படிப் படுகிறது என்று கவனியுங்கள். இழுத்துப் பிடிக்கிறதா, பட்டாகப் படர்ந்து போகிறதா? துப்பியபின் சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். பேசுவதற்கு முன் எல்லோரும் எழுதிவிட வேண்டும். முதலில் வாய் திறப்பவரின் கருத்து மேசை முழுக்கத் தொற்றிக்கொள்ளும்.

பிறகு 15 நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள், அரை மணியில் இன்னொரு முறை. முதலில் வசீகரித்த குவளை சரிந்துபோவதும், ஊமையாக இருந்தது மலர்வதும் இந்த நேரத்தில்தான். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதை நான் விரும்புவதில்லை. இரண்டிரண்டாக எடுத்து, "இதில் எது இன்னும் ஒரு மிடறு கேட்கிறது, ஏன்" என்று எழுதினால் அதிகம் புரியும்.

பிறகு இனிப்பு

ரொட்டி தின்று, தண்ணீர் குடித்து, சற்று இடைவெளி விடுங்கள். சிவப்பு முதிரும்போது நிறம் இழக்கும். இனிப்பு முதிரும்போது நிறம் கூடும். வெளிர் பொன், அடர்பொன், செம்பு என்று ஏறிப்போவதைப் பார்க்கலாம். நிறத்தை வைத்தே மூத்தது எது என்று முடிவுகட்டாதீர்கள், சேமிப்பும் நிறத்தை மாற்றும்.

மணத்தில் பாதாமி, ஆரஞ்சுத்தோல் மர்மலேட், தேன், குங்குமப்பூ, காய்ச்சிய சர்க்கரை. கூடவே நம் சமையலறையில் நன்கு பழகிய ஒன்றும் வரும்: வெந்தயம். சோட்டலான் என்ற மணப்பொருள் வெந்தயத்திலும் உண்டு, போட்ரைடிஸ் பிடித்த முதிர்ந்த ஒயினிலும் உண்டு. பிரெஞ்சுக்காரரின் வர்ணனைச் சொற்களைக் கடன்வாங்க வேண்டியதில்லை. மூக்குக்குத் தெரிந்ததைத் தெரிந்த பெயரிலேயே எழுதுங்கள்.

சோத்தெர்னில் லிட்டருக்கு 120 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருக்கும், ஒரு குளிர்பானத்தைவிட அதிகம். அப்படியும் திகட்டாமல் இருப்பது புளிப்பால்தான். ஆண்டுகள் ஏற ஏறச் சர்க்கரை குறைவதில்லை, ஆனால் நாக்குக்கு இனிப்பு அடங்கியதாகப் படும். ஆகவே மூன்றையும் ஒப்பிடும்போது எது அதிக இனிப்பு என்று கேட்காதீர்கள். விழுங்கியபின் வாய் சுத்தமாக, ஈரமாக இருக்கிறதா, பிசுபிசுப்பு நிற்கிறதா என்று கேளுங்கள். லேசான நகப்பூச்சு நெடி இந்த வகையில் சகஜம். அது பழமணத்தை மூடினால் மட்டும் குறை.

உறையை அவிழ்த்தபின்

எல்லோரும் எழுதி முடித்தபின் பெயர்களைச் சொல்லலாம். அதன்பிறகு குறிப்பைத் திருத்த வேண்டாம். பெயர் தெரிந்ததும் தோன்றியதைத் தனியாகக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து உங்கள் நாக்கைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்வீர்கள். நிரப்பு மட்டம், கார்க்கின் நிலை, வடித்த நேரம் மூன்றையும் சேர்த்து எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு இதே ஒயினின் இன்னொரு பாட்டிலைத் திறக்கும்போது உதவும்.

மிஞ்சியதில் முதிர்ந்த சிவப்பை அன்றிரவே ஆட்டுக்கறியோடு முடித்துவிடுங்கள், காலைவரை தாங்காது. இனிப்பு அப்படியல்ல. கார்க்கைப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை நன்றாகவே இருக்கும். உப்புக் கரிக்கும் ரொக்ஃபோர் பாலாடைக்கட்டி ஒரு துண்டு கிடைத்தால் அதனோடு சேர்த்துச் சுவையுங்கள்.