பழைய கார் பெற்றோல் குடிக்கிறதா?

கப்பல்துறையில் பழைய கார் வாங்கியவர்கள், கராஜுக்கு ஓடுமுன் கணக்கெடுங்கள். தாங்கியை நிரப்பி ஓடி, அதே ஷெட்டில் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் வகுத்துப் பாருங்கள். 2022 இல் வாரம் 20 லீற்றர் கியூஆர் பங்கில் கார் ஓட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு மறந்திருக்காது.

ரயர் காற்று, எயார் ஃபில்டர், பிளக் மூன்றையும் முதலில் பாருங்கள், செலவு குறைவு.

துறைமுகப் பக்கத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது பிரேக்கைத்தான். உப்புக்காற்றில் கலிப்பர் பின் துருப்பிடித்து இறுகினால், காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். கண்டி வீதியில் கொஞ்சத் தூரம் ஓடி, அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள் (தொட்டுவிடாதீர்கள், சுடும்). ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான் கள்ளன்.

எஞ்சின் லைட் எரிந்தால், ஸ்கேன் செய்து பார்க்காமல் ஒட்சிசன் சென்சருக்குக் காசு கொடுக்காதீர்கள்.