செல்போனில் சொன்னது உயில் ஆகாது

நம்பிக்கை: "தோட்டம் யாருக்கு, வீடு யாருக்குன்னு அப்பாரு வீடியோவுல தெளிவாச் சொல்லிட்டாருங்க. அது போதுமுங்க."

உண்மை: போதாது! பொள்ளாச்சியிலிருந்து வந்தாலும் கோபியிலிருந்து வந்தாலும் கட்சிக்காரர்கள் முதலில் செல்போனைத்தான் நீட்டுகிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவைப் படியுங்கள். எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அதைப் பார்த்த, அல்லது தான் வைத்ததே என்று அவர் வாயால் கேட்ட சாட்சிகள் குறைந்தது இருவர், அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். வீடியோவில் கையெழுத்து எங்கே? மின்னணு ஆவணங்களை ஏற்கும் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் உயிலைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

"வெளிநாட்டில் ஏற்றுக்கொண்டார்களே?" என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து நீதிமன்றம் 2013இல் டிவிடியில் பேசிய உயிலை ஏற்றது உண்மை. முறை தவறிய உயிலையும் ஏற்க அங்கே சட்டத்தில் வழி இருக்கிறது. நம் சட்டத்தில் இல்லை. போர்முனையில் இருக்கும் படைவீரருக்கும் கடலில் இருக்கும் மாலுமிக்கும் வாய்மொழி உயில் செல்லும். இஸ்லாமியர்களுக்கு அவர்களின் தனிச்சட்டம் அதை அனுமதிக்கிறது. உங்கள் அப்பாரு தோட்டத்துச் சாளையில் கட்டிலில் உட்கார்ந்து பேசியது இவற்றில் சேராது. அவர் உயில் எழுதாமல் இறந்ததாகவே சட்டம் கொள்ளும்.

வீடியோ வேண்டுமா? தாளில் கையெழுத்திடும்போது எடுங்கள். சுயநினைவோடு, வற்புறுத்தலின்றி எழுதினார் என்பதற்குத் துணைச் சான்றாகும். அப்போதும் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடிருந்தால் கூண்டேறித்தான் ஆக வேண்டும். எனவே வயதில் இளையவர்களைச் சாட்சியாக வையுங்கள்.

நம்பிக்கை: முத்திரைத்தாள் வேண்டும்.
உண்மை: வெள்ளைத்தாள் போதும்.

நம்பிக்கை: பத்திர ஆபீசில் பதிந்தால் அசைக்க முடியாது.
உண்மை: பதிவு கட்டாயமில்லை, பதிந்தாலும் சந்தேகங்களைத் தீர்ப்பது உயிலை நம்பி வருபவரின் பொறுப்பு. உயிலைச் சுற்றிய சந்தேகங்களை அவரே விலக்க வேண்டும் என்று வேங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லிவிட்டது.

நம்பிக்கை: பூர்வீகக் காடு முழுவதையும் மகனுக்கே எழுதலாம்.
உண்மை: தன் பங்கை மட்டுமே எழுதலாம். தமிழ்நாடு 1989லும் மத்திய அரசு 2005லும் மகளைப் பங்காளியாக்கின. போட்ட பவுனைச் சொல்லிக்காட்டி அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். உயில் எழுத உட்காரும்போது மகள் பெயரையும் எழுதுங்கள்.