ஆறு அங்குலத் துணியும் ஒரு மாதக் கைவேலையும்

அதிகாலையில் பெரட்டுக்குச் சென்று, மரம் வெட்டிப் பால் எடுத்து, எடை போட்டு வீடு திரும்பும் நம் தொழிலாளர்களுக்கு மாலை வேளையில் சிறிது ஓய்வு கிடைக்கின்றது. அந்த ஓய்வில் நாள்தோறும் அரைமணி நேரத்தைக் காகித வேலை, தையல், பின்னல் ஆகிய மூன்றுக்கும் ஒதுக்கினால் ஒரு மாதத்தில் என்ன செய்து முடிக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம். "ஆயத்த ஆடைகளும் போர்வைகளும் கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையைச் சிங்கப்பூரிலுள்ள ஒரு குன்றிலிருந்து தொடங்குவோம்.

புக்கிட் பாத்தோக் குன்று

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ளது புக்கிட் பாத்தோக். ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய குன்றுப் பகுதி அது. பழைய கற்சுரங்கம் ஒன்று இன்று ஏரியாக நீர் நிறைந்து பூங்காவாக விளங்குகின்றது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. 1990ஆம் ஆண்டு முதல் பெருவிரைவு ரயிலும் அங்கே நின்று செல்கின்றது.

இக்குன்றுக்கு அருகில், அப்பர் புக்கிட் தீமா சாலையில், ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலைக் கட்டடம் இருக்கின்றது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்தது அங்கேதான். வெற்றி பெற்ற ஜப்பானியர் அதே ஆண்டில் புக்கிட் பாத்தோக் குன்றின் உச்சியில் தங்கள் போர்வீரர்களுக்கு ஒரு நினைவுத் தூணை எழுப்பினர். ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க் கைதிகள் ஏறத்தாழ 500 பேர் அதற்காக உழைத்தனர். மரத்தால் அமைந்த அந்த உயர்ந்த தூண் போர் முடிந்ததும் மறைந்தது. குன்றின் மீது ஏறிச் செல்லும் 120 படிகள் இன்றும் எஞ்சியுள்ளன.

தூண் போய்விட்டது; ஆனால் அதே 1942ஆம் ஆண்டில், அதே சிங்கப்பூரில், சிறைப்பட்ட பெண்கள் துண்டுத் துணிகளில் ஊசியால் செய்த வேலை இன்றும் அழியாமல் இருக்கின்றது. அதனை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

சாங்கிச் சிறையில் ஊசியும் நூலும்

சரணடைந்த சில வாரங்களில் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் நடத்திச் செல்லப்பட்டுச் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களுடைய கணவர்களும் மகன்களும் சிறையின் வேறு பகுதியிலோ, சாங்கியிலிருந்த போர்க் கைதிகள் முகாமிலோ இருந்தனர். யார் உயிருடன் இருக்கிறார், யார் இல்லை என்பது ஒருவருக்கும் தெரியாது. கடிதம் எழுத வழியில்லை.

அச்சிறையில் இருந்த எத்தல் மல்வனி என்னும் கனடா நாட்டுப் பெண்மணி ஒரு வழி கண்டார். நோயுற்ற, காயமடைந்த போர்வீரர்களுக்காக மெத்தைப் போர்வைகள் தைத்துக் கொடுக்கலாம் என்பதே அது. பெண்கள் ஒவ்வொருவரும் ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்றைப் பெற்று, அதில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைத் தைத்துத் தர வேண்டும். ஒருவர் பூவைத் தைத்தார். ஒருவர் தம் வீட்டை நினைவூட்டும் படத்தைத் தைத்தார். பலர் தம் பெயரையும் சேர்த்துத் தைத்தனர். இவ்வாறு 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை ஆயிற்று. பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று, ஜப்பானிய வீரர்களுக்கும் ஒன்று என மூன்று போர்வைகள் தைக்கப்பட்டன. எதிரிக்கும் ஒரு போர்வை தைத்தது அவர்களுடைய மதிநுட்பத்தைக் காட்டுகின்றது அன்றோ?

போர்வைகள் முகாமின் மருத்துவமனைக்குச் சென்றன. அவற்றிலிருந்த பெயர்களைப் படித்தவர்கள், தம் மனைவியோ அன்னையோ உயிருடன் இருப்பதை அறிய வழி பிறந்தது. கடிதம் செல்ல முடியாத இடத்துக்குத் துணி சென்றது.

சிறையிலிருந்த சிறுமியரும் சும்மா இருக்கவில்லை. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான சிறுமியர் சேர்ந்து, தங்கள் சாரணியத் தலைவி எலிசபெத் என்னிசின் பிறந்த நாளுக்காக, கிழிந்த ஆடைகளின் துண்டுகளை அறுகோணமாக வெட்டி ஒரு போர்வை தைத்தனர்.

ஆஸ்திரேலியருக்கும் ஜப்பானியருக்கும் தைத்த போர்வைகள் இரண்டும் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மூன்றாவது, லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. சிறுமியரின் போர்வையும் லண்டனில், இம்பீரியல் போர் அரும்பொருளகத்தில் இருக்கின்றது.

நம் குடும்பங்களின் கதை

இதனைப் படிக்கும்போது நம் மனத்தில் மற்றொரு நினைவு எழாமற் போகாது. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பாதை முடிந்தது; சென்றவர்களிற் பெருந்தொகையினர் திரும்பவில்லை. லயத்து வாசலில் காத்திருந்த எத்தனையோ மனைவியருக்கு ஒரு வரிச் செய்தியும் வரவில்லை. போனவர்கள் பலரின் பெயரைக்கூட இன்று சொல்வாரில்லை.

நம் முன்னோர்க்குக் கைத்திறன் இல்லாமலில்லை. பட்டையின் தடிப்பை உளியின் நுனியால் உணர்ந்து, மரத்திற் காயம் படாமல் மெல்லிய சீவலாக வெட்டிய கைகள் அவை. ஆனால் பெயரும் நினைவும் பதிந்த பொருள் ஒன்றைச் செய்து வைக்கும் வழக்கம் நம்மிடம் குறைவாக இருந்தது. இம்மாதக் கைவேலையின் நோக்கம் அக்குறையை நீக்குவதே. சிக்கனமும் பொழுதுபோக்கும் இதனால் கூடுதலாகக் கிடைக்கும் நன்மைகள்.

பன்னிரண்டு சதுரங்களைக் கொண்ட ஒரு குடும்பத் துணியை நாம் செய்யப்போகிறோம். மூன்று சதுரங்கள் அகலமும் நான்கு சதுரங்கள் நீளமுமாக, அது 18 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் இருக்கும். குழந்தைக்கு விரிக்கலாம், சுவரிலும் மாட்டலாம்.

முதல் வாரம்: காகித வேலை

தையலைத் துணியிலிருந்து தொடங்குவது தவறு. காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும். பழைய நாட்காட்டித் தாள்களும், பெருநாட்களில் வந்த அங்பாவ் உறைகளும் போதும். கத்தரிக்கோல் கைக்குப் பழகுவதற்காக முதலில் ஒரு காகித விளக்கு செய்வோம். தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே அளவு இடைவெளி விட்டு வெட்டுக. ஓரத்தில் ஒரு விரல் அகலத்தை வெட்டாமல் விட்டுவிடல் வேண்டும். பிறகு தாளை விரித்து, உருளையாக வளைத்து ஒட்டினால் விளக்குக் கூண்டு ஆகிவிடும். பிள்ளைகள் இதனை மகிழ்ச்சியுடன் செய்வார்கள். இது அழகுக்கு மட்டுமே. உள்ளே தீபம் ஏற்றலாகாது.

அடுத்துத் தடித்த அட்டையில் ஏழு அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுக. சதுரம் சரியா என்று பார்க்க மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் ஒன்றாயிருந்தால் சதுரம் சரி. இந்த அட்டையே நம் அளவுகோல். பின்பு குடும்பத்தில் ஒவ்வொருவரும் தமக்குரிய படத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்ளலாம். தந்தைக்கு உளியும் மங்கும், தாய்க்குக் கோலம், பாட்டிக்கு அவர் பிறந்த ஊரின் பெயர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என எதுவாகவும் இருக்கலாம். மறைந்த பெரியவர்களுக்கும் ஒரு சதுரம் ஒதுக்க மறவாதீர்கள்.

எட்டாம் நாள் முதல்: தையல்

பழைய கைலி, சேலை, சட்டை ஆகியவற்றில் நைந்துபோகாத பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். பருத்தித் துணியே நல்லது. புதுத் துணி வேண்டுமென்றால் சிறு துண்டுகளாகத் தையற்கடையிற் கேட்டு வாங்கலாம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்திற்கு மாடியேறிச் சென்றால் துணிக்கடைகளையும் தையற்காரர்களையும் காணலாம். எந்தத் துணியானாலும் முதலில் துவைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் புதுத்துணி பின்னர் சுருங்கி வேலையைக் கெடுத்துவிடும்.

அட்டையை வைத்துப் பன்னிரண்டு சதுரங்களை வெட்டி, சுற்றிலும் அரை அங்குலத்தில் பென்சிற் கோடு இடுக. கோட்டுக்கு வெளியே உள்ளது இணைப்புக்கு. உள்ளே உள்ள ஆறு அங்குலம் நம் படத்துக்கு. நூல் ஒரு முழத்துக்கு மேல் நீளமாக இருக்கலாகாது. நீண்ட நூல் சிக்கு விழும். எழுத்துகளுக்குப் பின்தையலும், பூ, கொடி முதலியவற்றுக்குச் சங்கிலித் தையலும் ஏற்றவை. நாளொன்றுக்கு ஒரு சதுரம் வீதம் பன்னிரண்டு நாட்களில் வேலை முடியும். ஆண்களும் தம் சதுரத்தைத் தாமே தைக்க வேண்டும். ஊசி பிடிப்பது பெண்களுக்கு மட்டும் உரிய வேலை என்று எண்ணுவோர், ஊரில் உள்ள தையற்காரரை நினைத்துப் பார்க்கட்டும்.

இருபதாம் நாள் முதல் நான்கு நாட்கள் இணைப்பு வேலைக்கு. இரண்டு சதுரங்களை நல்ல பக்கம் உட்புறமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கோட்டின்மீது தைக்க வேண்டும். முதலில் மூன்று மூன்றாக நான்கு வரிசைகள். பிறகு வரிசைகளை இணைக்க வேண்டும். பின்புறம் ஒரு முழுத்துணியை வைத்து ஓரங்களை மடித்துத் தைத்தால் துணி உறுதிபெறும்.

கடைசி வாரம்: பின்னல்

நம் நாட்டு வெப்பத்துக்குக் கம்பளி தேவையில்லை. பருத்தி நூலே போதும். பின்னல் ஊசி இல்லாதவர்கள் ஒரே பருமனுள்ள இரண்டு மூங்கிற் குச்சிகளைச் சீவி, உப்புத்தாளால் நன்கு தேய்த்து வழவழப்பாக்கிக் கொள்ளலாம். ஓர் ஊசியில் 36 கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசைகளையும் ஒரே மாதிரியாகப் பின்னிக்கொண்டே செல்க. மூலையைக் குறுக்காக மடித்துப் பார்த்து ஓரங்கள் சேர்ந்தால் சதுரம் ஆகிவிட்டது என்று பொருள். அப்பொழுது கண்ணிகளை முடித்துவிடலாம். ஏறத்தாழ எட்டு அங்குலமுள்ள இத்துணி, பாத்திரம் துடைக்கவோ குழந்தையின் முகம் துடைக்கவோ பயன்படும். நூலின் பருமனுக்கு ஏற்ப அளவு சிறிது மாறலாம். இடையில் ஒரு கண்ணி நழுவினால் அஞ்ச வேண்டாம். அந்த வரிசை வரை பிரித்து மீண்டும் பின்னுங்கள். துணியில் தவறான வெட்டைத் திருத்த முடியாது; பின்னலில் தவறைத் திருத்த முடியும். இதனாலேயே தொடக்கத்தில் இருப்பவர்களுக்குப் பின்னல் நல்ல ஆசானாகின்றது.

கவனிக்க வேண்டியவை

அரைகுறை வெளிச்சத்தில் தைத்தல் கண்ணுக்குச் சோர்வு தரும். உறங்கச் செல்லும் முன் ஊசிகளை எண்ணிப் பார்த்துத் துணியுருண்டையிற் குத்தி வைக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது மிகமிக முக்கியம். ஒட்டுப்பாற் கறை படிந்த வேலை உடைகளை இதற்குப் பயன்படுத்தலாகாது; அக்கறை போவதில்லை. முடிந்த துணியின் பின்புறத்தில் மாதத்தையும் ஆண்டையும் குடும்பத்தின் பெயரையும் தைத்து வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு அந்த ஒரு வரி பெரிதும் உதவும்.

முடிவாக

வாசகர்களே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறலாம். கடையில் வாங்கும் போர்வை உடலை மட்டும் மூடும். அதில் நம் பாட்டியின் ஊரும் இராது, சயாமுக்குப் போன பாட்டனாரின் பெயரும் இராது. வெற்றி பெற்ற படை குன்றின் உச்சியில் எழுப்பிய தூண் அழிந்தது. அடைபட்டிருந்த பெண்களின் ஆறு அங்குலத் துணிகள் நிலைத்தன. ஆகவே, இம்மாதம் நாமும் ஓர் ஊசியையும் சிறிது நூலையும் எடுத்து, நம் குடும்பத்தின் பெயர்களைத் துணியில் எழுதத் தொடங்குவோமாக.