சென்சாரை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா?
கேமராவில் முதலீடு செய்வோர்க்கு ஒரு பாடம்

திருமண ஒளிப்படத் தொழிலுக்காக வரும் கடன் விண்ணப்பங்களில், மிகப் பெரிய தொகை பெரும்பாலும் கேமராவின் பாடிக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். லென்ஸ், விளக்குகள், முக்காலி ஆகியவை அதன் பின்னரே இடம்பெறும். ஆனால் பாடி பழுதின்றி இயங்கும் காலம் வேறு. சந்தை அதை ஏற்றுக்கொள்ளும் காலம் வேறு. புதிய மாடல் ஒன்று வந்ததும், நன்றாக இயங்கும் கருவியே பழையதாகிவிடுகிறது. கடன் தவணையோ அதற்காகக் குறைவதில்லை.

கணினியில் நினைவகத்தை மட்டும் மாற்றுவதுபோல, கேமராவிலும் பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதைப் பொருத்திக்கொள்ள முடிந்தால் இச்சுமை நீங்குமே என்று பலரும் எண்ணுவது இயல்பு. அத்தகைய கேமரா வருமா என்பதையும், வரும்வரை நம் பணத்தை எங்கே இடுவது என்பதையும் இங்குக் காண்போம்.

அன்று மாறியது பிலிம்

ஹைதராபாத்தின் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் அரசவை ஒளிப்படக் கலைஞராக விளங்கியவர் ராஜா தீன் தயாள் (1844–1905). செகந்திராபாத்தில் நிலையம் நடத்திய அவருடைய காலத்தில் கேமரா என்பது மரச்சட்டம், துருத்தி, முன்புறம் லென்ஸ் பலகை, பின்புறம் கண்ணாடித் தட்டைச் செருகும் சட்டம் எனத் தனித்தனிப் பகுதிகளால் ஆனது. படம் பதியும் பரப்பு கேமராவின் உறுப்பு அன்று. ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகச் செருகப்படுவது. ஈரப்பூச்சுத் தட்டுகளுக்குப் பதிலாக உலர்தட்டுகள் 1880களில் பரவியபோது, கேமராவைத் தூக்கியெறிய வேண்டிய தேவை எழவில்லை.

பிலிம் காலத்திலும் இந்நிலையே தொடர்ந்தது. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்த பிலிம் சுருளையும், வெளிநாட்டுச் சுருளையும் ஒரே கேமராவில் மாறிமாறி இடலாம். மேலான பிலிம் வந்தால் பழைய கேமராவும் அன்றே மேம்பட்டது. டிஜிட்டல் கேமராவில்தான் பிலிமின் வேலையைச் செய்யும் சென்சார் பாடிக்குள் நிலையாகப் பதிக்கப்பட்டது. விரைவில் பழையதாகும் பொருளும் நெடுங்காலம் உழைக்கும் பொருளும் ஒரே கூட்டுக்குள் அடைபட்டதே இன்றைய சிக்கலின் வேர்.

முயன்றவர்கள் கண்ட முடிவு

தொடக்கத்தில் டிஜிட்டல் கேமராவும் பகுதிகளாகவே வந்தது. கோடாக் நிறுவனம் 1991 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி, நிக்கான் எஃப்3 பிலிம் கேமராவின் பின்புறத்தில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தியதாகும். 1998 இல் சிலிக்கான் பிலிம் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. பிலிம் சுருள் இருக்கும் இடத்தில் சென்சார் கொண்ட ஒரு சுருளைச் செருகினால் பழைய கேமரா டிஜிட்டலாகிவிடும் என்பது அதன் வாக்குறுதி. பொருள் சந்தைக்கு வராமலே 2001 இல் நிறுவனம் செயலிழந்தது. லைகா நிறுவனம் தன் ஆர்8, ஆர்9 பிலிம் கேமராக்களுக்கென 10 மெகாபிக்சல் டிஜிட்டல் பின்பகுதியை விற்றது. அதுவும் 2007 இல் நிறுத்தப்பட்டது.

2009 இல் ரிக்கோ வெளியிட்ட ஜிஎக்ஸ்ஆர் நமக்கு மிகுந்த பாடம் தருவது. அதில் லென்ஸும் சென்சாரும் ஒரே மூடிய பெட்டிக்குள் இருந்தன. திரை, பொத்தான்கள், பேட்டரி ஆகியவை பாடியில் இருந்தன. லென்ஸ் மாற்றும்போதெல்லாம் சென்சாரும் மாறியது. பல ஆண்டுகள் உழைக்கும் லென்ஸை, சில ஆண்டுகளில் பழையதாகும் சென்சாருடன் பிணைத்துவிட்டதால், வாங்குவோர் ஒவ்வொரு லென்ஸுடனும் ஒரு சென்சாருக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பகுதிகளாகப் பிரித்தால் மட்டும் போதாது, எந்த இடத்தில் பிரிக்கிறோம் என்பதே முக்கியம் என்பதற்கு இது சான்று.

ஏன் கைகூடவில்லை?

முதற்காரணம், சென்சார் தனித்து முன்னேறுவதில்லை. கூடுதல் புள்ளிகளையும் கூடுதல் வேகத்தையும் தரும் சென்சாருக்கு ஏற்ற செயலி, நினைவகம், அட்டை, பேட்டரி, வெப்பம் வெளியேறும் வழி ஆகிய யாவும் வேண்டும். சென்சாரை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றியபின் எஞ்சுவது வெறும் கூடுதான்.

இரண்டாவது, நுண்மை. லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள தொலைவு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலும் படத்தின் கூர்மை கெடும். கைநடுக்கத்தை ஈடுசெய்ய இன்று பல கேமராக்களில் சென்சாரே அசைகிறது. அதைக் கழற்றி மாட்டத்தக்கதாகவும், தூசியும் ஈரமும் புகாததாகவும் செய்வது செலவு மிக்கது.

மூன்றாவது, சந்தையின் அளவு. ஜப்பானியக் கேமராத் தொழில் அமைப்பின் கணக்கின்படி, 2010 இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் உலகெங்கும் அனுப்பப்பட்டன. 2023 இல் அது ஏறத்தாழ 77 லட்சமாகச் சுருங்கியது. கைப்பேசி விழுங்கிய இச்சந்தையில், புதிய பொதுத்தரம் ஒன்றை உருவாக்கும் செலவைப் பகிர்ந்துகொள்ள வாங்குவோர் போதவில்லை.

எங்கே கைகூடியது?

விலை உயர்ந்த கருவிகளில் இம்முறை நிலைத்திருக்கிறது. ஹாசல்பிளாட் நிறுவனம் 2024 இல் வெளியிட்ட 100 மெகாபிக்சல் பின்பகுதியை, 1957 முதல் வந்த அதன் ‘வி’ வரிசைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுடன் பொருத்தலாம். ஆனால் சிறிய பாடியுடன் சேர்ந்த அதன் அறிமுக விலை 8,000 டாலருக்கும் மேல். திரைப்படத் துறையில் ரெட் நிறுவனம், ரெட் ஒன் கேமரா வைத்திருந்தோர்க்குப் பின்னாளில் புதிய சென்சாரைக் கட்டணத்துக்கு மாற்றித் தந்தது. நாள் வாடகையில் முதல் திரும்பும் தொழிலில் இது பொருந்தும். சிறு நிலையங்களுக்கு எட்டாது.

சாதாரண விலையில் உண்மையாக வெற்றி கண்ட பிரிவினை லென்ஸ் மவுண்ட் ஒன்றே. நிக்கான் எஃப் மவுண்ட் 1959 இல் வந்தது; அதன் பிற்கால லென்ஸ்கள் பலவற்றை 2018 இல் வந்த இசட் வரிசைப் பாடிகளிலும் அடாப்டர் வழியே பயன்படுத்தலாம். ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008 இல் ஒரே மவுண்டை ஏற்றன. லைகா, பானசோனிக், சிக்மா ஆகியவை 2018 இல் எல் மவுண்டுக்காகக் கைகோத்தன. அடுத்து, மென்பொருள். சோனி ஏ9 கேமரா 2017 இல் வந்தது. நகரும் உருவத்தைத் தொடர்ந்து குவியத்தில் வைத்திருக்கும் புதிய திறனை, 2019 இல் ஒரு மென்பொருள் மேம்படுத்தல் அதற்கு அளித்தது.

ஆகவே, சென்சாரைக் கழற்றி மாற்றும் சிக்கன விலைக் கேமரா அண்மையில் வரும் என எதிர்பார்த்துத் திட்டமிடுவதற்கில்லை. லென்ஸை நிலைமுதலாகவும் பாடியைத் தேய்பொருளாகவும் கொள்வதே இன்று நமக்குக் கிடைத்துள்ள ‘மாற்றிக்கொள்ளும் கேமரா’.

கணக்கில் காண்போம்

வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரக் கருவிகளுக்கு ஆண்டுத் தேய்மானம் 15 விழுக்காடு. கணினிக்கு 40 விழுக்காடு. கேமரா வழக்கமாக முதல் வகையிலேயே வைக்கப்படுகிறது. ரூ.2,00,000 விலையுள்ள பாடி, குறைந்துசெல்லும் மதிப்பு முறையில் நான்கு ஆண்டுகளுக்குப் பின் கணக்கேட்டில் ஏறத்தாழ ரூ.1,04,400 மதிப்புடையதாகத் தோன்றும். அது கணினியைப் போல 40 விழுக்காடு தேய்ந்தால் எஞ்சுவது ரூ.25,920 மட்டுமே. கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லியின் கேமராக் கடைகளில், நான்கு ஆண்டு பழைய பாடிக்கு என்ன தருவார்கள் என ஒருமுறை விசாரித்தால், உண்மை மதிப்பு எத்தொகைக்கு அருகில் உள்ளது என்பது விளங்கும்.

இனித் தவணை. அதே ரூ.2,00,000 கடனை, எடுத்துக்காட்டாக, 12 விழுக்காடு வட்டியில் பெறுவதாகக் கொள்வோம். 36 மாதத் தவணை ஏறத்தாழ ரூ.6,643, 60 மாதத் தவணை ரூ.4,449. குறைந்த தவணை கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் 60 மாதக் கடனில் மூன்று ஆண்டுகள் செலுத்திய பின்னும் ஏறத்தாழ ரூ.94,500 அசல் நிலுவையில் இருக்கும். அப்போது பாடியை மாற்ற நேர்ந்தால், கைவிட்ட கருவிக்கும் புதிய கருவிக்குமாக இரண்டு தவணைகள் கட்ட வேண்டிவரும். பல சிறு நிலையங்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.

வாங்குமுன் சிந்திக்க

1. பாடியைவிட லென்ஸ், விளக்கு, முக்காலி ஆகியவற்றுக்குக் கூடுதல் பங்கு ஒதுக்குக. மவுண்டைத் தேர்ந்தெடுப்பது பத்தாண்டு முடிவு. பாடியைத் தேர்ந்தெடுப்பது மூன்றாண்டு முடிவு.

2. பாடிக்கான கடன்காலம், அதை நீங்கள் வைத்திருக்கப்போகும் காலத்தைத் தாண்டாதிருக்கட்டும். தேவையெனில் பாடிக்கும் லென்ஸுக்கும் வெவ்வேறு கடன்காலம் அமைக்க இயலுமா எனக் கிளையில் கேளுங்கள்.

3. மாற்றுநிதி என ஒரு தொடர் வைப்புக் கணக்கைக் கடன் பெற்ற மாதமே தொடங்குக. மாதம் ரூ.2,000 இட்டால் மூன்று ஆண்டுகளில் வட்டி நீங்கலாகவே ரூ.72,000 சேரும்.

4. முகூர்த்தமில்லா ஆஷாட மாதத்திலும் தவணை உண்டு. திருமணப் பருவ வருவாயில் இரண்டு மாதத் தவணையை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க.

5. ஆண்டில் சில நாள்கள் மட்டும் தேவைப்படும் விலையுயர்ந்த பாடியை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

6. வாங்குமுன் உதிரிபாகம், பழுதுநீக்கும் நிலையம், மென்பொருள் மேம்படுத்தல் பற்றி விசாரிக்க. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘பழுதுநீக்கும் உரிமை’ இணையதளத்தில் பல பொருள்களின் பராமரிப்பு விவரங்கள் திரட்டப்பட்டுள்ளன.

ஒளிப்பட நிலையம் நடத்துவோர் முத்ரா திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். சிஷு பிரிவில் ரூ.50,000 வரையிலும், கிஷோர் பிரிவில் ரூ.5 லட்சம் வரையிலும், தருண் பிரிவில் ரூ.10 லட்சம் வரையிலும் கடன் வழங்கப்படுகிறது. விண்ணப்பிக்க வரும்போது விலைப்பட்டியலுடன், ஒவ்வொரு கருவியையும் எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப்போகிறீர்கள் என்ற குறிப்பையும் கொண்டுவாருங்கள். அந்த ஒரு பத்தியைக் கொண்டே தவணையையும் கடன்காலத்தையும் உங்கள் தொழிலுக்கு ஏற்ப நாம் சேர்ந்து வகுத்துவிடலாம்.