உத்திரம் தாங்கும், கொக்கி தாங்குமா?

ஆரணியில் யாராவது வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் மாட்டப் போகிறேன் என்றால், அடுத்து வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: உத்திரம் தாங்குமா? கேட்டவர் அண்ணாந்து பார்ப்பார். தேக்கு என்றால் தலையாட்டுவார். கான்கிரீட் என்றால் இன்னும் வேகமாகத் தலையாட்டுவார். பட்டு நெசவால் பிழைக்கிற ஊர் இது. புவிசார் குறியீடு பெற்ற சேலை தயாராகிற வீடுகளில் பாதிக் கூடம் தறிக்கே போய்விடும். மிச்ச இடத்தில்தான் ஊஞ்சல் பலகையும் குழந்தையின் தூளியும். ஆகவே தலைக்கு மேலே எது எதைத் தாங்கும் என்பதில் ஊராருக்கு உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றில் பல தவறான இடத்தைப் பார்ப்பவை. ஊஞ்சலில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் உத்திரத்தின் நடுப்பகுதி அல்ல. உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை, கொக்கி, சங்கிலிக் கண்ணி, முடிச்சு என்று ஒன்றோடொன்று சேரும் இடங்கள்தான்.

“ஜக்கார்டு பெட்டிக்கே அசையாத சட்டம், ஊஞ்சலுக்கா அசையும்?”

தறிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி கனமானதுதான். சில வீடுகளில் அதன் சட்டத்துக்கு உத்திரத்திலிருந்தே முட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பாரம் வைத்த இடத்தில் இருக்கிறது, நேர் கீழாக அழுத்துகிறது. ஊஞ்சல் அப்படி இல்லை. வீசி ஆடி, கீழ்ப்புள்ளியைக் கடக்கிற அந்தக் கணத்தில் சங்கிலியின் இழுவை ஆளின் எடையைத் தாண்டிவிடும். செங்குத்திலிருந்து 30 பாகை வரை போய் ஆடினால் எடையைப்போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். 60 பாகை போனால் சரியாக இரண்டு மடங்கு: 70 கிலோ ஆள் உத்திரத்துக்கு 140 கிலோ. இதில் சங்கிலியின் நீளத்துக்குக் கணக்கே கிடையாது. ‘குட்டைச் சங்கிலி போட்டால் பாரம் குறையும்’ என்று மேஸ்திரி சொன்னால் நம்ப வேண்டாம். எவ்வளவு சாய்வாக வீசுகிறோம் என்பதுதான் கணக்கு.

பக்கவாட்டு இழுப்பு என்று இன்னொன்றும் இருக்கிறது. 30 பாகை ஆட்டத்திலேயே எடையில் 40 சதவீதத்துக்கு மேல் முன்னும் பின்னுமாக மாறி மாறி இழுக்கும். இரண்டரை மீட்டர் சங்கிலி ஒரு முறை போய்வர மூன்று வினாடிக்குச் சற்று அதிகம் ஆகும். அரைமணி நேர ஆட்டத்தில் சுமார் 570 தடவை. ஆடுகிற பல்லை நாக்கு அசைத்துக்கொண்டே இருப்பதுபோல, திருகி ஏற்றிய கொக்கியை ஊஞ்சல் அசைத்துக்கொண்டே இருக்கிறது. நேர் கீழ் இழுப்புக்கு ஆண்டுக்கணக்கில் அசையாத கொக்கி, இதற்குத் தளர்ந்துவிடும்.

“நாலு பேர் தொங்கிப் பார்த்தாயிற்று”

தொங்கினார்கள், ஆடவில்லை. தொங்கிப் பார்ப்பதில் இன்னொரு கோளாறு, விழுந்தால் விழுவது மனிதர்கள். அரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் இதற்கு ஆட்கள் எதற்கு? இரண்டு பெரியவர் உட்காரும் ஊஞ்சல் என்றால் ஆட்கள் 150 கிலோ, பலகையும் சங்கிலியும் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 190, வீசி ஆடும்போது கூடுவதற்கும் சேர்த்து அதன் இருமடங்கு, 380. பலகையும் சங்கிலியும் ஏற்கெனவே தொங்குவதால், பலகையில் 25 கிலோ அரிசிச் சிப்பம் 14 அடுக்கினால் அந்த அளவு வந்துவிடும். முதலில் பலகைக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கி வையுங்கள்; அறுந்தாலும் அதன்மேல் உட்காரும். ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் கொக்கி திரும்பியிருக்கிறதா, சுற்றிலும் பூச்சில் புது விரிசல் இருக்கிறதா, உத்திரம் சுவரில் நுழையுமிடத்தில் தூசி உதிர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை அன்றைய பலத்தைத்தான் சொல்லும், அடுத்த வருடத்துப் பலத்தை அல்ல. ஆசாரியோ பொறியாளரோ உத்திரத்தைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் இதையே செய்ய வேண்டும்.

“பழைய மரம், அதற்கு அழிவே இல்லை”

தேக்கின் வைரப் பகுதிக்கு இது கிட்டத்தட்ட உண்மை. அதைக் கறையான் எளிதில் தொடாது. வெளிறான வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது. வைரமே ஆனாலும் சுவருக்குள் புதைந்த முனை, மழைத் தண்ணீர் இறங்கும் சுவரில் காற்றோட்டமில்லாமல் ஈரம் குடித்தபடி கிடக்கிறது. கூடத்தின் நடுவில் நின்று தட்டிப் பார்த்தால் ‘டங்’ என்று கேட்கும், நாமும் திருப்தியாகிவிடுவோம். தட்ட வேண்டியது முனையை. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்; வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்த வீட்டில் ஊஞ்சல் பேச்சையே எடுக்கக் கூடாது.

எல்லா வீட்டிலும் தேக்கு இருக்காது. பனை போட்ட ஓட்டு வீடுகளில் கணக்கு வேறு. பனையின் பலமெல்லாம் கருத்த வெளிப்பகுதியில்; உள்ளே மெத்தென்ற சோறு. அந்தச் சோற்றில் திருகிய கொக்கி எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பனையானாலும் தேக்கானாலும் கீழிருந்து திருகி ஏற்றுகிற கொக்கியைவிட, உத்திரத்தை மேலே சுற்றி வருகிற இரும்புப் பட்டையோ, மரத்தை முழுக்க ஊடுருவி மேலே அகலத் தகடும் நட்டும் போட்ட போல்ட்டோ பல மடங்கு மேல். அப்போது மரத்தின் நாரை நம்பி எதுவும் தொங்குவதில்லை.

மாட்டுமிடம் பற்றியும் ஒரு பழக்கம் இருக்கிறது: பார்வைக்கு அழகாக நட்ட நடுவில். பத்தடி உத்திரத்தில் முழுப் பாரமும் நடுவில் ஒரே புள்ளியில் விழுந்தால் வளைவு அதிகபட்சம். அதே பாரத்தை இரண்டாகப் பிரித்து, இரு சுவரிலிருந்தும் இரண்டரை அடியில் ஒவ்வொன்றாக மாட்டினால் உத்திரத்தை வளைக்கும் விசை சரிபாதியாகும். மரம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சேதி: அகலத்தை இருமடங்காக்கினால் பலம் இருமடங்கு; உயரத்தை இருமடங்காக்கினால் நான்கு மடங்கு. நான்குக்கு எட்டு அங்குல மரத்தைப் படுக்கவைத்துப் போடுவது காசைக் கொடுத்துப் பலத்தைத் தூக்கியெறிவது.

“கான்கிரீட்டில் ஃபேன் கொக்கி இருக்கிறதே”

ஃபேன் ஐந்து கிலோ சுமாருக்கு. அதற்கென்று வைத்த கொக்கி அது. அதில் ஊஞ்சல் மாட்டாதீர்கள் என்பதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

துளை போட்டு ஏற்றும் கொக்கிகளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பரவலான பாரத்துக்குக் கணக்கிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. பரவலான என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊஞ்சல் மொத்தப் பாரத்தையும் நான்கு துளைகளில் கொண்டுபோய் வைக்கிறது. துளைக்குள் விரிந்து இறுகுகிற சாதாரண ஆங்கர், விடாத அசைவில் மெல்லத் தளரக்கூடியது. ‘அப்படியானால் கெமிக்கல் ஆங்கர் போடுங்கள், பாறை மாதிரி நிற்கும்’ என்பது கடைக்காரரின் வாக்கு. 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சுரங்கச் சாலையின் கூரையிலிருந்து சுமார் 26 டன் கான்கிரீட் பலகைகள் ஒரு காரின்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். அவை எபாக்சிப் பசையில் பதித்த ஆங்கர்களில் தொங்கிக்கொண்டிருந்தன. விரைவில் இறுகும் அந்த வகைப் பசை, ஓயாத இழுவைக்கு மெல்ல மெல்ல இளகி நழுவியது என்று விசாரணை கண்டது. மாட்டிய அன்று பாறைபோலத்தான் நின்றிருக்கும். பசையே கூடாது என்பதல்ல இதன் பொருள். தலைக்கு மேலே எப்போதும் தொங்கும் பாரத்துக்கு ஏற்ற வகை எது என்று தயாரிப்பாளரின் தாளைப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். துளைத் தூசியை ஊதித் துடைத்த பிறகே பசை விட வேண்டும்.

என்னைக் கேட்டால் தளத்தை ஊடுருவி, மொட்டைமாடியில் தகடு வைத்து நட்டு முடுக்கி, மேலே நீர்க்கசிவுக்குப் பூசிவிடுவதே நல்லது. புது வீடு என்றால் இன்னும் சுலபம்: கம்பி கட்டும்போதே 16 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து உத்திரத்தின் மேல்கம்பிகள் மேல் மாட்டிவிட்டுக் கான்கிரீட் ஊற்றுவது. செய்யவே கூடாதது, உத்திரத்தின் அடிப்புறத்தில் நடுவே துளையிடுவது. முக்கியமான கம்பிகள் அங்கேதான் ஓடுகின்றன.

“தண்டவாளம் போட்ட கூரை. யானையைக் கட்டலாம்”

கட்டலாம், தண்டவாளத்தைச் சுற்றிக் கட்டினால். வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு அதன் அடியில் ஒரு வளையத்தை ஒட்டினால் யானை என்ன, குழந்தையும் வேண்டாம். கட்டடக் கம்பியைப்போல மூன்று நான்கு மடங்கு கார்பன் உள்ள எஃகு தண்டவாளம். முன்னதாகச் சூடேற்றாமல் ஒட்டினால் ஒட்டின் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கத் தயாராகிவிடும். வெளியே பார்க்க வழுவழுவென்றுதான் இருக்கும். பட்டையைச் சுற்றி போல்ட் போட்டு முடுக்குங்கள்.

“பித்தளைச் சங்கிலிக்குத் துருவே பிடிக்காது”

பிடிக்காது. அதற்கு வேறு நோய் உண்டு, அந்த நோய் முதலில் தெரியவந்ததே இந்தியாவில்தான். மழைக்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை விட்டு எடுத்தபோது பித்தளை உறைகள் விரிசல் கண்டிருந்தன. காரணம் 1921 வாக்கில்தான் விளங்கியது: குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, வளைத்துத் தட்டி உருவாக்கியதால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிய பித்தளையைப் பிளக்கிறது. மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய திண்ணையில் தொங்கும் ஊஞ்சலுக்கு இந்தக் கதை நேரடியாகப் பொருந்தும். பளபளப்புக்குத் தேய்க்கும் சில திரவங்களிலும் அம்மோனியா இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்து நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும்.

கிளியும் யானையும் கோத்த கனத்த சங்கிலியானாலும் தேய்வது ஒரே இடத்தில்: கண்ணியும் கண்ணியும் உரசும் உட்புறத்தில். தொங்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்து, சங்கிலியைத் தளர்த்தித்தான் பார்க்க வேண்டும். பாரம் தூக்கும் சங்கிலிகளைப் பத்தில் ஒரு பங்கு தேய்ந்ததும் கழித்துவிடுவது வழக்கம். 10 மில்லிமீட்டர் 9 ஆனால் மாற்ற வேண்டியதுதான்.

பெட்டியில் வரும் குழந்தை ஊஞ்சல்களில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 முதல் அது கட்டாயம், வீட்டு ஊஞ்சலுக்கென்று ஐஎஸ் 9873இல் தனிப் பகுதியே உண்டு. ஆனால் முத்திரை ஊஞ்சலுக்கு. உங்கள் வீட்டுக் கொக்கிக்கு அல்ல.

“ஆளில்லாத ஊஞ்சல் ஆடக் கூடாது”

பெரியவர்கள் சொல்லும் காரணத்தை விட்டுவிடலாம். சொல்வது மட்டும் சரி. 30 கிலோ பலகையை இரண்டு மீட்டர் சங்கிலியில் 30 பாகை இழுத்து விட்டால், கீழே வரும்போது மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம். பலகையின் விளிம்பு இருக்கும் உயரம், தவழ்ந்து எழுகிற குழந்தையின் தலை இருக்கும் உயரம்.

“பட்டுச் சேலை அறுந்தே போகாது, தூளி கட்டு”

பட்டு நெய்கிற ஊரில் இதை மறுத்துப் பேசத் துணிச்சல் வேண்டும். புதுப் பட்டிழை உறுதியானது, சந்தேகமில்லை. ஆனால் தூளிக்கு யாரும் புதுச் சேலையை எடுப்பதில்லை. வெயிலும் வியர்வையும் கண்டு, மடித்து மடித்து வைத்த பழைய பட்டு மடிப்பு வழியே கிழியும். ஈரம் பட்டால் பட்டின் பலம் குறைகிறது. பருத்தியின் பலமோ கூடுகிறது. தூளியில் கிடக்கிற குழந்தை என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். போதாக்குறைக்குப் பட்டின் முடிச்சு வழுக்கும். பாட்டிகள் தேடி எடுக்கிற பழைய நூல் சேலைதான் சரி.

இது சின்ன விஷயம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பெரிய விஷயம் வேறு. தம்பிக்கோ தங்கைக்கோ கட்டிய தூளியில், அல்லது விளையாட்டுக்கென்று கட்டிய சேலை ஊஞ்சலில், பள்ளிக்கூட வயதுப் பிள்ளை ஏறிச் சுற்றிச் சுற்றி விளையாடுகிறது. முறுக்கு கழுத்தில் இறுகுகிறது. அங்கே எதுவும் அறுவதில்லை. உத்திரம் தாங்குகிறது, முடிச்சு தாங்குகிறது, சேலை தாங்குகிறது. அறுந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். இதில் சத்தமும் எழாது. அடுத்த அறையில் தறி ஓடுகிற வீட்டில் எழுந்தாலும் கேட்காது.

ஒற்றைப் புள்ளியில் தொங்குகிற துணிதான் சுழலும். இரண்டு கொக்கியில் தள்ளித் தள்ளிக் கட்டினாலோ, நடுவே குறுக்குக் கம்பு கொடுத்து விரித்தாலோ முறுக்கேறுவது குறையும், நின்றுபோகாது. கைக்குழந்தை தூங்கும்போது தூளி பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் இருக்க வேண்டும்; மற்ற நேரம் முழுக்க அது அவிழ்ந்திருக்க வேண்டும். அவிழ்க்காமல் மேலே சுருட்டி உத்திரத்தில் செருகி வைக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை நாற்காலி போட்டு அதை இறக்கிவிடும்.